கேசட்டுக்குள் இருந்த விதி

1990களின் நடுவில் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் நடுத்தரக் குடும்பத்து வீடுகளுக்கு ஒரு சிறிய பெட்டி வந்து சேர்ந்தது. நின்டெண்டோவின் ஃபாமிகாம் எந்திரத்தைப் பார்த்து வேறு வேறு பெயர்களில் மலிவாகச் செய்து விற்ற பெட்டி அது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்ததும் உண்டு, உள்ளூர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கியதும் உண்டு. டிவியோடு இணைத்து, கேசட்டைச் சொருகி, மரியோவும் கான்ட்ராவும் ஆடிய அந்தப் பிள்ளைகள் இன்று நாற்பதை ஒட்டி நிற்கிறார்கள். கதை எழுதவும் படம் எடுக்கவும் வரையவும் தொடங்கிவிட்ட வயது. அவர்களுடைய கலையில் அந்த ஆட்டத்தின் பங்கு என்ன என்று கேட்டால் பொதுவாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ஆட்டம் பிள்ளைகளின் கற்பனையைத் தின்றுவிட்டது என்பது ஒன்று. பிற்காலப் படைப்பில் தென்படும் நிறத்தையும் உருவத்தையும் காட்டி, ‘இதோ மரியோ’ என்று மகிழ்வது மற்றொன்று. முதல் பதிலுக்குச் சான்று இல்லை. இரண்டாவதற்குச் சான்று இருந்தாலும் அது மேலோட்டமானது. சிறுவயது ஆட்டம் கலைஞனுக்குள் விட்டுச்செல்வது அதன் விதிகளைத்தான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். எது திரும்ப வரும், எது வராது. தோற்றால் என்ன கிடைக்கும். நாம் செய்வதற்கு அந்த உலகம் எப்படிப் பதில் சொல்லும் என்ற ஒழுங்கையே விதி என்கிறேன். கதையும் படமும் உதிர்ந்த பிறகும் அது தங்கிவிடுகிறது. அது கலையாக வேண்டுமானால் கலைஞன் தன் ஊரின், தன் வாழ்வின் பொருளை அதற்குள் இட்டு நிரப்ப வேண்டும்.

இப்படி ஒரு வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஜப்பானுக்குப் போகுமுன் நாஞ்சில் நாட்டிலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டுக்காரராகவே கலைவாழ்வைத் தொடங்கியவர். பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு, 1936இல் ‘சதி லீலாவதி’ வழியாகத் திரைப்படம் என்று அவர் பாதை விரிந்தது. சுடலைமாடனும் இசக்கியும் முத்தாரம்மனும் குடியிருக்கும் ஊர்களில் ஒரு சிறுவன் வில்லுப்பாட்டு நடக்கும் கொடை விழாவில் இரவெல்லாம் விழித்திருந்து எதைக் கற்றுக்கொண்டிருப்பான்? கதையை அவன் ஏற்கெனவே அறிவான். ஆண்டுதோறும் அதே கதைதான். அங்கே அவன் காண்பது ஒரு முறைமை. நடுவில் இருக்கும் முதன்மைப் பாடகரான அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதையை நகர்த்துகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் ஆமா போடுகிறார்கள், இடைமறித்துக் கேட்கிறார்கள், ஏற்றுப் பாடுகிறார்கள். எதிரே சாமியாடியின் உடம்பில் அருள் வரத் தாமதித்தால் பாட்டு நீள்கிறது. வந்துவிட்டால் வேகம் கூடுகிறது. கேட்பவர் பக்கம் நடப்பதற்குப் பதில் சொல்லும் கதை அது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டைக் களத்தில் இருந்து ஆராய்ந்து 1988இல் நூலாக வெளியிட்டபோது, தெய்வப் பிறப்புக் கதைகள், கொலையுண்டு தெய்வமானோர் கதைகள் என்று இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார். இரண்டாம் வகையில் சாவு முடிவாக இருப்பதில்லை. கொல்லப்பட்டவர் அதிக ஆற்றலோடு திரும்பி வருகிறார். அவர் வந்து ஆடும் இடமே நிகழ்ச்சியின் உச்சம்.

கலைவாணரின் படங்களில் சுடலைமாடன் கதை தொடர்ந்ததாகச் சொல்ல முடியாது. அவர் பகுத்தறிவு பேசியவர்; மாடனும் இசக்கியும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஆனால் ஒருவர் சொல்ல, மற்றவர் மடக்க, அந்த மடக்கலிலேயே கதை அடுத்த அடி எடுத்து வைக்கும் முறையை அவர் விடவே இல்லை என்பது என் கணிப்பு. டி.ஏ. மதுரத்தோடு அவர் நடித்த காட்சிகள் பலவும் இந்தக் கேள்வி பதில் கட்டமைப்பில்தான் நிற்கின்றன. 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தின் கிந்தனார் காலட்சேபம் இன்னும் தெளிவான சான்று. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தின் சட்டகத்தை எடுத்து, சிதம்பரம் போகத் துடித்த நந்தன் இருந்த இடத்தில் படிப்புக்காகப் பட்டணம் போகும் கிந்தனை வைத்தார். கதைசொல்லி, பக்கப்பாட்டு, இடைமறிப்பு எல்லாம் காலட்சேப மேடைக்கும் வில்லுமேடைக்கும் பொதுவானவை. உள்ளே இருக்கும் பொருள் மட்டும் முற்றிலும் வேறு. அவர் சென்னைக்கு அழைத்துக்கொண்ட வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகமும் இதையேதான் செய்தார்: காந்தி கதையையும் அன்றாடச் செய்தியையும் வில்லில் ஏற்றினார். பொருள் மாறி முறை மட்டும் தங்கும் இந்த நிகழ்வைப் பார்த்துவிட்டு வந்தால், வீடியோ கேமில் எதைத் தேட வேண்டும் என்பது விளங்கிவிடும்.

1985இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ ஏறக்குறைய 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். இடம் போதாததால் வானத்து மேகத்துக்கும் தரையின் புதருக்கும் ஒரே உருவத்தை வைத்து நிறத்தை மட்டும் மாற்றினார்கள். இந்தச் சிக்கனத்தை ஆடும் பிள்ளை எண்ணிப் பார்த்திருக்காது. ஆனால் சில உருவங்களே திரும்பத் திரும்ப வந்து ஒரு முழு உலகத்தை ஆக்கிவிடும் என்பதை அதன் கண் பழகிக்கொள்கிறது. ‘எத்தன லைஃப் இருக்கு?’ என்ற கேள்வியில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. மூன்று உயிர். செத்தால் அதே ஸ்டேஜ், அதே பள்ளம், அதே ஆமை, அதே நொடி. உலகம் ஒரு துளியும் மாறுவதில்லை. ஆடுபவரின் அறிவு மட்டும் ஒரு பங்கு கூடியிருக்கும். வில்லுப்பாட்டில் கொலையுண்டவர் திரும்பும்போது உலகமே மாறிவிடுகிறது. அவர் தெய்வமாகிவிடுகிறார், கொன்றவர் நடுங்குகிறார். கேமில் திரும்புபவர் அதே ஆள். சாவிலிருந்து அவர் கொண்டுவருவது ஒரு சிறு தகவல்தான்: அந்தப் பள்ளத்தை இன்னும் கொஞ்சம் முன்னதாகத் தாண்ட வேண்டும். தோல்வியைத் தண்டனையாகக் காட்டாமல் தகவலாகக் காட்டும் இந்த விதியைத்தான் 1980களுக்குப் பின் வளர்ந்த பிள்ளைகள் வெகுவாக உள்வாங்கினார்கள். அவர்களின் பள்ளிக்கூடம் அப்படி இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பற்றாக்குறையிலிருந்து பிறக்கும் வடிவத்துக்கு ஜோர்டன் மெக்னரின் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ (1989) இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. தம்பியை ஓடவும் தாவவும் விட்டுப் படம்பிடித்து, அந்த அசைவுகளை ஒவ்வொன்றாக வரைந்து எடுத்தார் மெக்னர். அதிலேயே கணினியின் நினைவகம் தீர்ந்துபோனது. எதிரி வேண்டும், புதிதாக வரைய இடமில்லை. நாயகனின் படத்தையே சற்று மாற்றிப் போட்டு நிழல் மனிதனைப் படைத்தார். கண்ணாடியிலிருந்து வெளிப்படும் அந்த நிழலை வெட்டினால் வெட்டுபவன் உயிரே குறையும். வாளை உறையில் போட்டுவிட்டு அதனோடு ஒன்றாகக் கலப்பதே தாண்டும் வழி. வேதாந்தி சொல்வது போன்ற ஒரு கருத்து நினைவகப் பற்றாக்குறையிலிருந்து பிறந்திருக்கிறது. பிரவுசிங் சென்டர்களிலும் பள்ளிக் கணினி அறைகளிலும் இதை ஆடிய இந்தியப் பிள்ளைகள் ஏராளம். புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் ‘ராஜி’ என்ற விளையாட்டை வெளியிட்டபோது, அதன் பாய்ச்சலிலும் சுவரேற்றத்திலும் பெர்சிய இளவரசனின் சாயலைக் காண்பது எளிதாக இருந்தது. என்னைக் கவர்ந்தது வேறொன்று. துர்க்கையின் கதையையும் விஷ்ணுவின் கதையையும் சொல்லும் இடைக்காட்சிகளை அவர்கள் நிழற்பாவைக் கூத்தின் பாங்கில் அமைத்திருந்தார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் மராத்தி பேசும் கலைஞர்கள் ஆட்டுத்தோல் பாவைகளால் இராமாயணம் நடத்திய மரபை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ.கா. பெருமாள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இராமன் கதைக்குள் புகுந்து ஊர்ப் பேச்சில் கலாட்டா செய்யும் அந்தத் திரையில், பக்கவாட்டு உருவங்கள் ஒரு புறமிருந்து நுழைந்து மறுபுறம் போகும். மரியோவின் திரையும் பக்கவாட்டில்தான் ஓடுகிறது. இந்த ஒற்றுமை தற்செயலானது. இதிலிருந்து எந்தக் கோட்பாட்டையும் கட்ட நான் தயாரில்லை. ஆனால் ‘ராஜி’யைச் செய்தவர்கள் ஆட்டத்தையும் நிழற்பாவையையும் ஒரே திரையில் வைத்தது தற்செயலன்று.

ஆட்டத்திலிருந்து கலைக்கு விதி கடந்து செல்வதை உலகளவில் மூன்று படைப்புகளில் துல்லியமாகப் பார்க்கலாம். அமெரிக்கக் கலைஞர் கோரி ஆர்க்கேஞ்சல் 2002இல் மரியோ கேசட்டைத் திறந்து, அதன் நிரலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நீல வானத்தையும் நகரும் மேகங்களையும் மட்டும் மிச்சம் வைத்தார். ஆடுபவனுக்கு ஒருபோதும் நேரம் கிடைக்காத காட்சியைக் கலைக்கூடத்தில் நின்று பார்க்க வைத்த படைப்பு. விதியை முற்றாக நீக்கியதாலேயே அந்த விதியின் அழுத்தத்தைக் காட்டியது. ஜப்பானிய எழுத்தாளர் ஹிரோஷி சகுராசகா சிறுவயதிலிருந்தே கேம் ஆடியவர். செத்துச் செத்துத் திரும்ப ஆடும் அனுபவத்திலிருந்தே 2004இல் வந்த தன் போர் நாவல் பிறந்தது என்று அவரே சொன்னார். அந்த நாவலே 2014இல் டாம் குரூஸ் நடித்த ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’ ஆனது.

மூன்றாவது கொஞ்சம் விரித்துச் சொல்லத் தக்கது. விளம்பர வாசகம் எழுதிப் புகழ்பெற்ற ஷிகேசாடோ இடோய் சிறுவயதில் தவறுதலாக வேறொரு திரையரங்கத்துக்குள் நுழைந்து, 1957இல் வந்த ஒரு குற்றப்படத்தின் கொடூரக் காட்சியைப் பார்த்து மிரண்டுபோனவர். அந்த மிரட்சியைத் தன் ‘எர்த்பவுண்ட்’ விளையாட்டின் (1994) கடைசி எதிரியின் பிதற்றலில் வைத்தார். அந்த எதிரியை அடித்து வெல்ல முடியாது. ஒரு சிறுமியின் பிரார்த்தனைதான் வெல்லும். அந்த ஆட்டத்தில் ஊறி வளர்ந்த டோபி ஃபாக்ஸ் 2015இல் ‘அண்டர்டேல்’ செய்தார். அதில் ஒருவரையும் கொல்லாமலே கடைசிவரை போகலாம். கொன்றுவிட்டுப் பழைய இடத்திலிருந்து திரும்ப ஆடினாலோ, ‘நீ முன்பு என்ன செய்தாய் என்று தெரியும்’ என்ற பாவனையில் ஒரு பாத்திரம் பேசும். இடோயின் குற்றப்படக் காட்சி ஃபாக்ஸிடம் வந்து சேரவில்லை. அடிக்காமல் வெல்லலாம் என்ற விதி வந்தது. வந்து, ஆடுபவனின் மனச்சாட்சியைச் சோதிக்கும் கருவியாகவும் மாறிவிட்டது.

தமிழில் இதற்கு நேரான எடுத்துக்காட்டு அஸ்வின் சரவணன் இயக்கிய ‘கேம் ஓவர்’ (2019). டாப்ஸி நடித்த ஸ்வப்னா வீடியோ கேம் வடிவமைப்பவள்; வீட்டில் அடைந்து கிடந்து, 1980இல் பிறந்த பேக்மேனை ஆடிக்கொண்டிருப்பவள். இதுவரை சொன்னவை அலங்காரம்தான். கடைசிப் பகுதியில் கொலைகாரர்கள் வீட்டுக்குள் நுழைகிறார்கள், அவள் சாகிறாள், மறுபடி விழிக்கிறாள், சென்ற முறை கற்றதோடு எதிர்கொள்கிறாள். படம் உயிர் பெறும் இடம் அதுதான். பழைய வன்முறையின் நினைவால் உடைந்துபோன ஒரு பெண்ணுக்கு ‘இன்னொரு உயிர்’ என்பது என்னவாகும் என்று அந்தப் படம் கேட்கிறது. விதிக்குள் வாழ்க்கையை இட்டு நிரப்புவது என்று நான் சொல்வது இதைத்தான். எதிர்த் திசையிலிருந்து வந்தது கனடாவின் டொராண்டோவில் விசை கேம்ஸ் செய்து 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’. புலம்பெயர்ந்த தமிழ்த் தாய், அழிந்துபோன எழுத்துகளோடு ஒரு சமையல் ஏடு, இட்லியும் புட்டும் பிரியாணியும். ஏட்டில் காணாமற்போன வரிகளை ஆடுபவர் யூகித்து, தவறி, மீண்டும் முயன்று சமைக்க வேண்டும். தோல்வி தகவலாகும் அதே விதி. இங்கே அது தாய்க்கும் மகனுக்கும் இடையே விட்டுப்போன மொழியைத் தேடும் வேலையைச் செய்கிறது. 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. நெல்லூரோ நியூயார்க்கோ என்று அடையாளம் தெரியாத பொது உலகத்தில் அந்தக் கதையை வைத்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருப்பார்களா என்பது ஐயம்தான்.

இந்த வாதத்துக்கு எதிராக முதலில் வரக்கூடியது நினைவின் நம்பகத்தன்மை. புகழ்பெற்ற பின் கலைஞர்கள் தங்கள் இளமையைத் தாங்களே செதுக்கிக்கொள்கிறார்கள். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், 1876இல் ஃபிலடெல்பியா கண்காட்சியைப் பார்த்த தாய் தனக்கு வாங்கித் தந்த ஃபுரோபல் மரக்கட்டைகளே தன் கலைக்கு அடிப்படை என்று சுயசரிதையில் எழுதினார். தான் பிறந்த ஆண்டையே இரண்டு ஆண்டு தள்ளிச் சொன்ன மனிதரின் சாட்சியம் இது. தவிர, அதே கட்டைகளை அடுக்கிய பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் ரைட் ஆகவில்லை. இந்த எதிர்ப்பு சரியானது. அதனால்தான் கலைஞர் சொல்லும் நினைவை மட்டும் சான்றாக எடுக்கக் கூடாது என்கிறேன். அந்தந்தக் காலத்து ஆவணம் கிடைத்தால் அது வேறு கதை. ஆங்கில எழுத்தாளர்களான பிராண்டே சகோதரிகளின் சகோதரர் பிரான்வெலுக்கு 1826 ஜூனில் தந்தை வாங்கி வந்த பன்னிரண்டு மரச் சிப்பாய்களைப் பற்றி, அச்சகோதரிகளில் ஒருவரான சார்லட் 1829இலேயே எழுதி வைத்துவிட்டார். அந்தச் சிப்பாய்களுக்காக அவர்கள் எழுதிய உள்ளங்கை அளவுக் குட்டிப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. ஆவணமும் இல்லாதபோது படைப்பையே கேட்க வேண்டியதுதான்: அந்த விதியை உருவிவிட்டால் இந்தப் படைப்பு நிற்குமா? ‘கேம் ஓவர்’ நிற்காது. மரியோ பொம்மை போட்ட சட்டையை நாயகன் அணிந்து வரும் படம் தாராளமாக நிற்கும்.

அடுத்த எதிர்ப்பு இதைவிடக் கூர்மையானது. ஒரே நிகழ்வை மூன்று முறை ஓட்டிப் பார்க்க வீடியோ கேம் எதற்கு? போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி 1981இலேயே ரயிலைப் பிடிக்க ஓடும் ஒருவனின் மூன்று வாழ்க்கைகளைப் படமாக்கிவிட்டார். அங்கே தடை செய்யப்பட்டு 1987இல்தான் அது வெளிவந்தது. தமிழில் ‘12பி’ (2001) பேருந்தைப் பிடித்தவனையும் தவறவிட்டவனையும் ஒருசேரக் காட்டியது. உண்மைதான். ஆனால் அந்தப் படங்களில் ஒரு வாழ்வு கற்றது இன்னொரு வாழ்வுக்குப் போவதில்லை. பாத்திரத்துக்கு எதுவும் தெரியாது, பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். ஜெர்மானியப் படமான ‘ரன் லோலா ரன்’ (1998) பார்க்க வேண்டியது இங்கேதான். முதல் சுற்றில் துப்பாக்கியின் பாதுகாப்புப் பிடியை எப்படித் தளர்த்துவது என்று லோலாவுக்கு ஒருவன் சொல்லித் தருகிறான். இரண்டாம் சுற்றில் யாரும் சொல்லாமலே அவள் அதைச் செய்கிறாள். கீஸ்லோவ்ஸ்கிக்கும் லோலாவுக்கும் நடுவில் இந்தச் சிறு பிடியளவு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்துக்குள் ஒரு தலைமுறையின் கேம் அனுபவம் அடங்கியிருக்கிறது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த விதி சினிமாவுக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் பிறகு அதைக் கையாள ஒருவர் கேம் ஆடியிருக்க வேண்டியதில்லை. ‘மாநாடு’ (2021) போன்ற காலவளையப் படங்களை நான் சான்றாக எடுக்காததற்குக் காரணம் அதுவே. அவை ஆட்டத்திலிருந்து வந்தனவா, ஆட்டத்திலிருந்து வந்த சினிமாவிலிருந்து வந்தனவா என்று பிரித்தறிய வழியில்லை.

வன்முறை, கண்கெடுதல், படிப்புக் கெடுதல் ஆகியவை பெற்றோரின் கவலைகள்; கலையைப் பற்றிய கேள்விக்கு அவை புறம்பானவை. மண்வாசனை பற்றிய எதிர்ப்பு அப்படித் தள்ளக் கூடியதன்று. கிளித்தட்டிலும் செல்லாங்குச்சியிலும் பிள்ளைகள் விதியைத் தாங்களே திருத்திக்கொள்வார்கள். ஆள் குறைந்தால் கோட்டைக் குறைப்பார்கள், சின்னவனுக்கு ஒரு சலுகை கொடுப்பார்கள். கேசட்டில் விதி பூட்டப்பட்டிருக்கிறது, மொழியும் பிறமொழி. வில்லுப்பாட்டு கேட்ட சிறுவன் தன் ஊர்த் தமிழையும் சேர்த்தே பெற்றான். மரியோ ஆடியவன் ஒரு தமிழ்ச் சொல்லும் பெறவில்லை. இதை மறுக்க எனக்கு வழியில்லை. கலைவாணருக்கு வில்லு மேடை ஒரே கையில் கொடுத்த இரண்டில் ஒன்றைத்தான் கேம் கொடுக்கிறது. மற்றொன்றை இந்தத் தலைமுறைக் கலைஞர் வேறிடத்தில் உழைத்துத் தேட வேண்டியிருக்கிறது. தேடாதவர்களின் படைப்பு எந்த ஊரிலும் நடக்கக் கூடியதாக, அதனாலேயே எந்த ஊரிலும் நடக்காததாகப் போய்விடுகிறது. ஆட்டமே இல்லாமலும் கலை வரும் என்பதற்கும் நாகர்கோவிலிலேயே சான்று உண்டு. 1931இல் பிறந்த சுந்தர ராமசாமியைப் பத்து வயதில் மூட்டுநோய் படுக்கையில் தள்ளியது. மற்றப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்திருக்கும் நிலையிலிருந்து வந்தவர் அவர். ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலின் கூர்ந்த பார்வைக்கு அந்த அசைவின்மைக்கும் பங்கு உண்டு என்று நினைக்க இடமிருக்கிறது. ஆட்டம் கலைக்கு வரும் வழிகளில் ஒன்று மட்டுமே. ஆனால் இன்றைய தலைமுறையில் பெரும்பாலோர் வந்த வழி அது.

நாட்டார் வழக்காற்றுத் துறைகள் நாஞ்சில் நாட்டுச் சிறுவர் விளையாட்டுகளைத் தொகுக்கும்போது பல்லாங்குழி, தாயம், கிளித்தட்டு, பம்பரம் என்று பட்டியலிட்டு நிறுத்திவிடுவது வழக்கம். கேசட் காலம் முடிந்து கால் நூற்றாண்டு ஆகப் போகிறது. அதுவும் இப்போது வழக்காறுதான். தோல்பாவைக் கூத்துக்காரர்களை ஊர் ஊராகத் தேடிப் போய் அ.கா. பெருமாள் செய்த பணியை, இரண்டு பேர் ஒரு டிவி முன் அமர்ந்து கான்ட்ரா ஆடிய தலைமுறைக்கும் யாராவது செய்ய வேண்டும். என்ன ஆடினீர்கள் என்பதோடு நிற்காமல், செத்தால் முறை எப்படி மாற்றிக்கொண்டீர்கள், தம்பிக்கு எத்தனை லைஃப் விட்டுக்கொடுத்தீர்கள், கேசட்டில் இல்லாத எந்த விதியை நீங்களே போட்டுக்கொண்டீர்கள் என்றும் கேட்க வேண்டும். கலைஞர்களாகி, நினைவைச் செதுக்கத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. மாவட்டத்துக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் இதை ஒரு களப்பணியாக மாணவர்களுக்குக் கொடுக்கலாம்.